எவரெஸ்ட் பாதைக்கு எந்த ஜாக்கெட் நல்லது?

காத்மாண்டுவின் தமேல் பகுதிக்குள் நுழைந்தால், கடைவாசல்தோறும் ஜாக்கெட்டுகள் தொங்கும். சிவப்பு, நீலம், ஆரஞ்சு என ஒவ்வொன்றும் தலையணை போல உப்பியிருக்கும். எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கப் போகிறவர்கள் பலரும் கடைசி நேரக் கொள்முதலை இங்கேதான் முடிக்கிறார்கள். விலைக்கும் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். பெரிய கம்பெனிகளின் பெயர் போட்ட போலிகளுக்கும் பஞ்சமில்லை.

'இருப்பதிலேயே குண்டானதை எடுத்தால் குளிரே தெரியாது' என்றுதான் முதல்முறை வருபவர்களுக்குத் தோன்றும். லுக்லாவில் விமானத்தைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கியதுமே அந்த எண்ணம் மாறிவிடும். அது 2,860 மீட்டர் உயரம்தான். பகல் வெயிலில் ஏறும்போது வியர்த்துக் கொட்டும். டி-ஷர்ட்டே போதும். குண்டு ஜாக்கெட் முதுகுப்பையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். போக வர சுமார் 130 கிலோமீட்டர் நடை. ஒவ்வொரு நூறு கிராமும் தோளுக்குத் தெரியும்.

நடை நிற்கும்போதுதான் சோதனை தொடங்குகிறது. நாம்சே பஜார் 3,440 மீட்டர், டிங்போச்சே 4,410 மீட்டர், கோரக்‌ஷெப் 5,164 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். அந்தக் கணக்கில் காத்மாண்டுவைவிட கோரக்‌ஷெப் 24 டிகிரி குளிர்ச்சி. லாட்ஜுகளில் சாப்பாட்டுக் கூடத்தில்தான் அடுப்பு எரியும். படுக்கும் அறையில் பெரும்பாலும் சூடு இருக்காது. வியர்வையில் நனைந்த உடம்போடு உட்கார்ந்தால் சில நிமிடங்களில் நடுக்கம் வந்துவிடும்.

ஜாக்கெட் சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பின் சூடு வெளியே போகாமல், உள்ளே சிக்கியிருக்கும் காற்றுதான் தடுக்கிறது. வாத்தின் உடம்பில், இறகுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தூவிக்கு இந்தக் காற்றைப் பிடித்துவைக்கும் திறமை அதிகம். 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் உப்பும் என்பதைத்தான் லேபிளில் 'ஃபில் பவர்' என்று போடுகிறார்கள். 800 என்றால் சுமார் 13 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு குடம்!

அந்த எண்ணை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது. அது தூவியின் தரம்தான், அளவு அல்ல. உள்ளே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 60 கிராம் அடைத்த 800-ஐவிட, 200 கிராம் அடைத்த 600 அதிகக் கதகதப்பு தரும்.

இந்தத் தூவியின் அருமையை எவரெஸ்ட் எப்போதோ பார்த்துவிட்டது. 1922-ல் திபெத் பக்கமிருந்து ஏறிய பிரிட்டிஷ் குழுவில் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியலாளர் இருந்தார். பலூன் துணிக்குள் ஐடர் வாத்தின் தூவியை அடைத்துத் தைத்த கோட்டுடன் வந்தார். கம்பளியும் ட்வீடும் அணிந்திருந்த சகாக்கள் கேலி செய்தார்கள். மேலே குளிர்காற்று அடித்தபோது கேலி நின்றது. அந்தப் பயணத்தில் ஃபின்ச்சும் ஜெஃப்ரி புரூஸும் 8,300 மீட்டரைத் தாண்டினார்கள். அதுவரை எந்த மனிதரும் ஏறாத உயரம் அது.

தூவிக்கு ஒரே எதிரி ஈரம். நனைந்தால் கட்டிகட்டியாகி உப்பல் போய்விடும், காயவும் நாளாகும். மழை, ஈரப்பனியில் நடப்பவர்களுக்குச் செயற்கை இழை அடைத்த ஜாக்கெட் பாதுகாப்பானது. கொஞ்சம் எடை கூடும், ஆனால் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். வறண்ட குளிர் அடிக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களுக்குத் தூவியே நல்லது. பையில் தண்ணீர் புகாத உறைக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

கடையிலேயே சில சோதனைகள் செய்யலாம். ஜாக்கெட்டைக் கையால் அமுக்கிவிட்டால் உடனே உப்ப வேண்டும். துணிக்குள் முள் முள்ளாகக் குத்தினால் இறகுக் காம்புகள் அதிகம் என்று அர்த்தம். தொப்பியோடு சேர்ந்து 300 முதல் 500 கிராமுக்குள் இருந்தால் சுமையாகத் தெரியாது. மழைக்கோட்டை அதன்மேல் போட்டுப் பார்க்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் உள்ளிருக்கும் காற்று நசுங்கி, சூடும் போய்விடும். மலையில் ஒரே விதி: நடக்கும்போது கழற்று, நின்றவுடன் போடு.

அதே பாதையில், நெற்றியில் பட்டை மாட்டி மற்றவர்களின் மூட்டைகளைச் சுமந்து ஏறும் போர்ட்டர்கள் உண்டு. சிலர் மெல்லிய ஸ்வெட்டரோடு நடப்பார்கள். தாழ்வான கிராமங்களிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கும் இந்தக் குளிர் புதிதுதான். காத்மாண்டுவில் உள்ள 'கீப்' என்ற அமைப்பு அவர்களுக்காக உடை வங்கி நடத்துகிறது. மலை ஏறும் முன் போர்ட்டர்கள் அங்கே குளிர் உடைகளை இரவல் வாங்கிக்கொள்ளலாம். பயணம் முடித்து ஊர் திரும்புகிறவர்கள் தங்கள் ஜாக்கெட்டை அங்கேயே கொடுத்துவிட்டுப் போகலாம். சென்னையிலோ மதுரையிலோ அலமாரிக்குள் கிடக்கப்போகும் ஜாக்கெட், அடுத்த பருவத்தில் இன்னொருவர் தோளோடு நாம்சே ஏறும்.