நாலு பேருக்கு ஒரு ஒஸிலோஸ்கோப்

லாப்பில ஒரு ஒஸிலோஸ்கோப்புக்கு முன்னால ஆறு பேர் நின்றால், நொப்பைத் திருப்புறது ஒருத்தர்தான். அதனால நாங்கள் நாலு பேர் காசு சேர்த்தோம்.

டிஎஸ்ஓ138 கிட் மலிவு. ஆனால் 200 கிலோஹேர்ட்ஸுக்கு மேல நம்பேலாது. சதுர அலை சதுரமாய்த் தெரிய அதன் மீடிறனைப்போல ஐந்து மடங்கு பாண்ட்வித் வேணும். 10 மெகாஹேர்ட்ஸுக்கு 50. பெட்டியில பெரிசாய்ப் போட்டிருக்கிற சாம்பிளிங் எண்ணில மயங்காதேங்கோ, செனல்கள் அதைப் பங்குபோடும். ரைகோல் டிஎஸ்1054இசட்டில ஒரு செனலுக்கு செக்கனுக்கு 1 கிகாசாம்பிள், நாலும் போட்டால் 250 மெகாசாம்பிள்தான்.

2022இல டொலர் ஏறினபிறகு புதுசு எங்களுக்கு எட்டேல்லை. பழைய 20 மெகாஹேர்ட்ஸ் அனலொக் ஒன்று எடுத்தோம். ஒருக்கா மட்டும் வந்துபோற சிக்னலை அது பிடிச்சு வைக்காது. ஆனால் ஓடியோ அம்ப்ளிஃபயர், பவர் சப்ளை ரிப்பிள் எல்லாம் வடிவாய்க் காட்டும். ப்ரோபின்ர கிரவுண்ட் கிளிப் எர்த்தோட இணைஞ்சது. 230 வோல்ட் லைனில கொழுவிப்போடாதேங்கோ.

கிழமைக்கு ஒரு வீட்டில இருக்குது. இந்தக் கிழமை எங்கட சண்டை, பரீட்சைக்கு முன்னம் ஆர் வச்சிருக்கிறது எண்டுதான்.