அனுப்புகிறவன்

விமானப் படங்களில் பெரும்பாலானவை ஆகாயத்தை நம்பி எடுக்கப்பட்டவை. ஹோவர்ட் ஹாக்ஸின் 'டான் பேட்ரல்' (1930) தரையை நம்புகிறது. முதல் உலக யுத்தம். பிரான்ஸில் ஒரு பிரிட்டிஷ் விமானப் படைப்பிரிவு. காலையில் அனுப்பிய விமானங்கள் திரும்புகிற நேரத்தில், கமாண்டர் அறைக்குள் இருந்தபடியே எஞ்சின் சப்தங்களைக் காதால் எண்ணுகிறான். எண்ணிக்கை எவ்வளவு குறைகிறதோ அத்தனை பேர் இல்லை. படத்தின் உண்மையான யுத்தம் இந்த எண்ணிக்கைதான்.

நம் சினிமாவில் இதற்கு இடம் இருந்ததில்லை. பீம்சிங்கின் 'பார்த்தால் பசி தீரும்' (1962) படத்தில் சிவாஜியும் ஜெமினியும் இரண்டாம் உலக யுத்த கால விமானப் படையினர். விமானம் அவர்களைக் கதைக்குள் இறக்கிவிட்டதோடு சரி. பிறகு குடும்பம், தியாகம், சந்தேகம். அனுப்பியது யார் என்ற கேள்வியே எழுவதில்லை.

ஹாக்ஸ் அதைத்தான் கேட்கிறார். அனுபவமில்லாத பையன்களைச் சாவுக்கு அனுப்புகிறான் என்று கமாண்டர் பிராண்டை வெறுக்கிறான் கோர்ட்னி. பிராண்ட் மாற்றலாகிப் போகும்போது அதே நாற்காலியில் கோர்ட்னியை உட்கார வைத்துவிட்டுப் போகிறான். அதே டெலிபோன், அதே உத்தரவு. நண்பன் ஸ்காட்டின் தம்பியையே அனுப்ப வேண்டியிருக்கிறது. தம்பி திரும்புவதில்லை.

பல வருஷங்களுக்கு முன் கோவையில் ஒரு ஃபிலிம் சொஸைட்டியில் நான் பார்த்தது எட்மண்ட் கௌல்டிங் 1938ல் எரால் ஃபிளினை வைத்து எடுத்த மறு ஆக்கம். இந்த வருஷம் திருப்பூரில் சித்தப்பா வீட்டில் 1930ஐப் பார்த்தபோது, ஏற்கெனவே பார்த்த விமானங்களே மறுபடி விழுந்தன. பழைய ஆகாயக் காட்சிகளை 1938ல் அப்படியே உபயோகித்திருக்கிறார்கள். முகங்கள் மாறின, சாவுகள் மாறவில்லை. சிக்கனத்துக்காகச் செய்த காரியம் படத்தைப் பற்றிய சரியான விமர்சனமாகவும் அமைந்துவிட்டது.

சித்தப்பா 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் கொடி பிடித்தவர். அப்போது பவர் டேபிள் டெய்லர். முதலாளி என்ற சொல்லைத் துப்புவது போல உச்சரிப்பார். சில வருஷம் கழித்து நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்தார். திருப்பூரில் இது அதிசயமில்லை. இங்கே முதலாளிகளில் பலர் நேற்றைய தொழிலாளிகள். ஷிப்மென்ட் தேதியை எங்கோ இருக்கும் பையர் நிர்ணயிப்பான். ஏஜென்ட், எக்ஸ்போர்ட்டர் என்று இறங்கி அது டெலிபோனில் சித்தப்பாவிடம் வந்து சேரும். அவர் கைமடிப் பையன்களை ஃபுல் நைட் நிற்கச் சொல்வார். எந்த ஓவர்லாக் நின்றது, எவன் தூங்கிவிட்டான் என்பதைச் சுவருக்கு இந்தப்புறம் படுத்துக்கொண்டே காதால் சொல்லிவிடுவார்.

பனியன் கம்பெனியைப் போர்க்களம் என்று சொல்வது மலிவான உருவகம். எங்கிருந்தோ வரும் உத்தரவு ஒருவனுக்குள் புகுந்து அவன் சொந்தக் குரலாகவே ஆகிவிடும் விதம் மட்டும் இரண்டுக்கும் பொது. அவன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிராண்டும் இரவில் தூங்குவதில்லை.

முடிவில்தான் ஹாக்ஸ் தப்பித்துக்கொள்கிறார். தனியாகப் போய்க் குண்டு போட வேண்டியவன் ஸ்காட். அவனைக் குடிக்க வைத்துவிட்டு கோர்ட்னியே போய்ச் சாகிறான். அனுப்பியவன் தானே போய்விட்டால் கணக்குத் தீர்ந்து விடுமா? வீரமரணத்தின் வெளிச்சத்தில் நாற்காலி கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஹாக்ஸுக்கும் இந்த உறுத்தல் இருந்திருக்க வேண்டும். கடைசியில் ஸ்காட் அதில் உட்காருகிறான். புதிய பையன்கள் வந்து நிற்கிறார்கள்.

"எப்படிங்க சித்தப்பா?" என்றேன்.

"செத்துப் போயிட்டான், செரி. அவனுக்கு லேசாப் போச்சு கண்ணு. சனிக்கெழமை சம்பளத்த ஆரு குடுக்கறது?"

கோர்ட்னிமேல் இதைவிடக் கடுமையான விமர்சனத்தை நான் படித்ததில்லை. அதே வாக்கியத்தில் அவர் தன்னை மன்னித்துக்கொண்டதும் எனக்குக் கேட்டது.