வலது பக்கம்

எங்கள் அம்பாசடர் நிற்கும்போதே வலது பக்கம் சாய்ந்திருக்கும். டேப் வைத்துப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உயரம் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் 22 மில்லிமீட்டர் குறைவு. 1989 மாடல் டீசல் வண்டி. 1998இல் செகண்ட்ஹேண்டாக வாங்கி 2019 வரை அப்பா மட்டுமே ஓட்டினார். பெரும்பாலும் தனியாக, வலப்பக்கம் உட்கார்ந்து. அவர் இறந்து எட்டு மாதம் கழித்து, வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்த அம்மா சொன்னாள்: "உங்கப்பா இன்னும் எறங்காத மாதிரியே நிக்குது பாரு."

அதற்குப் பிறகு அந்தச் சாய்வைப் பார்க்காமல் என்னால் அந்த வாசலைக் கடக்க முடியவில்லை. சரி செய்துவிடலாம் என்று பத்து நாள் லீவு போட்டேன். திண்டுக்கல்லில் அப்பா வழக்கமாக வண்டி விடும் ஷெட் பாய், "நீங்களே கழட்டுங்க தம்பி, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். அவருக்கு முழங்கால் வலி. எனக்கு மெக்கானிக்கல் டிகிரி இருக்கிறது, ஆனால் காலேஜ் லேபுக்கு வெளியே ஸ்பேனர் பிடித்ததில்லை. ஜாவாவில்தான் பிழைப்பு.

அம்பாசடரின் பின்பக்கத்தில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸிலிருந்து வந்த அமைப்பு அது. உத்தர்பாராவில் 2014இல் தயாரிப்பை நிறுத்தும்வரை அந்த அடிப்படை மாறவே இல்லை. குறுக்கே ஒரு முழு ஆக்சில், இரண்டு பக்கமும் வில் மாதிரி வளைந்த லீஃப் ஸ்பிரிங். ஷெட்டில் அதற்குப் பெயர் பட்டை. நீளமான மெயின் பட்டையின் இரண்டு முனையையும் சுருட்டிக் கண் மாதிரி வைத்திருப்பார்கள். முன்கண் பாடியோடு போல்ட்டில் நிற்கும். பின்கண் ஷேக்கிளில் தொங்கும், ஏனென்றால் பட்டை அமுங்கும்போது நீளும், நீளுவதற்கு இடம் வேண்டும். மெயினுக்குக் கீழே வர வரக் குட்டையாகும் பட்டைகள். எல்லாவற்றையும் நடுவில் ஒரு சென்டர் போல்ட் கோத்திருக்கும். அந்த அடுக்கை ஆக்சிலோடு சேர்த்து இறுக்குவது யூ போல்ட்.

பலர் இதைக் குலுங்காமல் இருக்க வைத்த சாமான் என்றுதான் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வண்டியைத் தள்ளுவதும் இதே பட்டைதான். சக்கரம் சாலையை உதைக்கும் விசை ஆக்சில் வழியாக மெயின் பட்டையின் முன்பாதிக்குப் போய், அங்கிருந்து அந்த ஒற்றைக் கண் போல்ட் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. பிரேக் போட்டால் இழுத்துப் பிடிப்பதும் அதே போல்ட்தான்.

"மொதல்ல ஸ்டாண்டு" என்றார் பாய். "ஜாக்கிய நம்பித் தலைய உள்ள விடாதீங்க." பாடியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலை மட்டும் தனி ஜாக்கியில் தாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதன் கனம் முழுக்க பிரேக் ஹோஸில் தொங்கும். ஷாக் அப்சார்பரின் கீழ் நட்டு சுலபமாக வந்தது. யூ போல்ட் நட்டு நான்கும் ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறிய பிறகுதான் அசைந்தன. முன்கண் போல்ட் அசையவே இல்லை. புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துரு பிடித்து ஒன்றாகிவிட்டது. ஒன்றரை நாள் சுத்தியலால் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கட்டிங் வீல் வைத்து அறுத்தோம். இந்த ஒன்றரை நாளைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை. கை மரத்துப்போனதுதான் மிச்சம்.

பட்டை அடுக்கைப் பிரிப்பதுதான் ஆபத்து. குட்டைப் பட்டைகளுக்கு மெயினைவிட வளைவு அதிகம் வைத்திருப்பார்கள். இறுக்கும்போது ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு கிடக்கும். சென்டர் போல்ட்டை அப்படியே கழற்றினால் முகத்துக்கு வரும். பாய் அடுக்கை வைஸில் கவ்வி, நட்டை எடுக்கச் சொல்லிவிட்டு, வைஸை அவரே கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினார்.

பட்டை ஏன் பல அடுக்காக இருக்கிறது என்பது மூன்றாம் செமஸ்டரில் படித்தது. தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. மெல்லிய தகடுகளை அடுக்கினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி வளையும். நோட்டுப் புத்தகத்தை மடக்குவதற்கும் அதே கனத்தில் ஓர் அட்டையை மடக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். வழுக்கும்போது வரும் உராய்வே கொஞ்சம் ஷாக் அப்சார்பர் வேலையும் பார்க்கும். நடுவில் துரு கட்டிவிட்டால் வழுக்காது, மொத்தமும் ஒரே பலகையாகிவிடும். எங்கள் அடுக்கிலிருந்து சல்லடைத் தூள் மாதிரி துரு கொட்டியது.

அடியில் ஒரு பட்டை மட்டும் வேறு நிறம். வெர்னியரில் பார்த்தேன். மற்றதெல்லாம் ஆறு மில்லி, இது எட்டு. முனைகள் கேஸ் கட்டிங்கில் அறுத்த மாதிரி கரடுமுரடாக இருந்தன. இடப்பக்கத்து அடுக்கில் இப்படி ஒன்று இல்லை.

"ஏதோ வேன் பட்டை" என்றார் பாய், என்னைப் பார்க்காமல். "நான்தான் போட்டேன்."

"எப்போ பாய்?"

"நீங்க பணம் அனுப்பினீங்களே, அந்த வருசம்."

2017இல் அப்பாவுக்கு இடுப்பு வலி. வண்டி தூக்கித் தூக்கிப் போடுவதால்தான் என்று நான் முடிவு செய்தேன். புது ஸ்பிரிங் செட்டுக்கு 12,000 ரூபாய் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் போனில் "மாத்தியாச்சாப்பா?" என்றேன். "ஆச்சு" என்றார். ஆபீஸில் டிக்கெட்டை மூடுவது மாதிரி மனசுக்குள் அதை மூடிவிட்டேன்.

"ஒரு பக்கம் மட்டும் போட்டா சரிவராதுன்னு சொன்னேன் தம்பி. இந்தப் பக்கம்தான் எறங்கியிருக்கு, தூக்கிவிட்டாப் போதும்னாரு. 1,500 வாங்கிக்கிட்டேன். பையன் கேட்டா செட்டே மாத்திட்டோம்னு சொல்லுங்க பாய்ன்னும் சொன்னாரு. நீங்க கேக்கவே இல்ல."

மிச்சப் பணம் எங்கே போனது என்று பாய்க்குத் தெரியாது. அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவருக்குச் செலவு இருந்திருக்கும், என்னிடம் கேட்க வாய் வந்திருக்காது. எனக்கு உறைத்தது வேறு. அந்த தீபாவளிக்கு இதே வண்டியில் பழனிக்குப் போனோம். பின்சீட்டில் நான்தான் இருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகெலும்பில் அடித்தது. "என்னப்பா இவ்ளோ கட்டியா இருக்கு?" என்றதற்கு, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, "புது ஸ்பிரிங்கு. ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், ஓட ஓடப் பழகிரும்" என்றார். டிகிரி படித்த நான் தலையாட்டினேன். குனிந்து ஒரு டார்ச் அடித்திருந்தால் போதும்.

பட்டைகளை மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைத்தபோது இன்னொன்று தெரிந்தது. மெயினுக்கு அடுத்த பட்டை சென்டர் போல்ட் ஓட்டையில் குறுக்கே இரண்டாக உடைந்திருந்தது. பட்டையின் பலவீனமான இடம் அதுதான், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். உடைந்த வாயில் பாதி கறுப்பு, பாதி பழுப்பு, எல்லாமே பழைய துரு. யூ போல்ட்டின் பிடியில் இரண்டு துண்டும் முழுசு மாதிரியே நின்றிருக்கின்றன. ஆக, வலப்பக்கம் இறங்கியதற்கு அப்பாவின் எடை மட்டும் காரணமில்லை. கடைசி நாட்களில் எவ்வளவு தூரம் உடைந்த பட்டையில் ஓட்டினார் என்று கணக்குப் போட வழியில்லை. வேன் பட்டையின் விறைப்புதான் மேலே இருந்ததை ஒடித்தது என்று பாய் சொன்னார். துருதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை வைத்து அவரோடு வாதம் பண்ணவில்லை.

பழைய பட்டைகளை அடித்து வளைவு ஏற்றித் தரும் பட்டறைகள் உண்டு. "அடிச்ச பட்டை ஒரு வருசத்துல திரும்பப் படுத்துரும்" என்றார் பாய். கோயம்புத்தூரில் பழைய ஸ்பேர் கடை ஒன்றில் இரண்டு பக்கத்துக்கும் செட் கிடைத்தது. அப்பா சேர்த்த பட்டையை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பழைய கோடில் காரணம் தெரியாத ஒரு வரியை நீக்கப் பயப்படுவோமே, அந்தப் பயம். ஆனால் இந்த வரிக்குக் காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டு மில்லி இரும்பு மறுபடி வண்டிக்குள் போகவில்லை. வீட்டில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது, அம்மா அதன் மேல் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்திருக்கிறாள்.

மாட்டுவது இரண்டே நாளில் முடிந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் கை கழுவப் போனபோது பாய் கூப்பிட்டார். ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாதாம். அப்படி இறுக்கினால் வண்டி இறங்கி நிற்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டி தன் கனத்தில் தரையில் நிற்க வேண்டும், அப்போதுதான் கடைசி இறுக்கு.

"ஏறி உக்காருங்க தம்பி."

"எங்க பாய்?"

"ஓட்டறவர் சீட்டுலதான்."

ஏறினேன். சீட் அப்பாவின் அளவுக்கு முன்னால் இருந்ததால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கீழேயிருந்து பாயின் குரல் வந்தது, "அசையாதீங்க." வலப்பக்கம் ஸ்பேனர் ஒரு தடவை கிரீச்சிட்டது, பிறகு இன்னொரு தடவை.