மடப்பள்ளி கிரைண்டர்: ரிப்பேரா, புதுசா?



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு வெளியே வரும்போது ரெண்டு மூணு பேர் என்னை நிறுத்திக் கேட்டாங்க. "அண்ணே, மடப்பள்ளியில இருந்த பழைய கிரைண்டர் எங்க? நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு? எதுக்குப் புதுசு?" கேட்டது நியாயம்தான். கோயில் பொருள், எல்லாருடைய பொருள். அந்த முடிவுல என் பங்கு நிறைய இருக்கு, என் தப்பும் இருக்கு. அதனால நடந்ததை நடந்தபடியே எழுதுறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அந்த கிரைண்டர் 1998-ல் வந்தது. 20 லிட்டர், சாய்த்து ஊற்றுகிற வகை. கோயம்புத்தூரிலிருந்து கப்பல்ல வந்துச்சு. அதைக் கொடுத்தவர் ஒரு பாட்டி. ஷென்டன் வேயில் ஆபீஸ் ஆபீஸா கூட்டிப் பெருக்குற வேலை பார்த்தவங்க. சீட்டுப் பிடிச்ச காசுல வாங்கிக் கொடுத்தாங்க. டிரம் மேல "உபயம்" என்று போட்டு, காலமான கணவர் பேரை வெட்டியிருந்தாங்க. தன் பேரைப் போடல. அதுக்கு முன்னால நம்ம மடப்பள்ளியில இருந்தது வீட்டுக்குப் பயன்படுத்துற சின்ன கிரைண்டர் ரெண்டுதான். வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வியாழன் ராத்திரி முழுக்க மாத்தி மாத்தி ஓட்டணும். பெரிய மிஷின் வந்த அன்னைக்கு ஒரே ஈடுல 8 கிலோ அரிசி போட்டு அரைச்சதை, ஏதோ தேர் ஓடுற மாதிரி எல்லாரும் சுத்தி நின்னு பார்த்தோம்.

கிரைண்டர்னு ஒண்ணு வந்ததே கோவையிலிருந்துதான். 1955-ல் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டார்ல சுத்த வைக்கிற வழியைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கு "கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்" என்ற பேருக்கே புவிசார் குறியீடு இருக்கு. மிக்சியில் உளுந்து அரைச்சா பிளேடு வேகமா சுத்தி மாவு சூடாகும். கல்லு மெதுவா சுத்தும், மாவுக்குள்ள காத்து ஏறும், வடை பஞ்சு மாதிரி வரும். இது உங்க வீட்டு அம்மாக்களுக்கு என்னை விட நல்லாத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த வருஷம் ஆடி வெள்ளி ஒண்ணுல, காலையில அஞ்சு மணிக்கு, பாதி அரைஞ்ச உளுந்தோட மிஷின் நின்னுபோச்சு. நின்னது மட்டும் இல்ல, மெயின் போர்டுல ஆர்சிசிபி விழுந்து மடப்பள்ளியே இருட்டாயிடுச்சு. தூக்கிவிட்டா மறுபடியும் விழுது. நான் வேலைக்குப் போற வழியில வந்து பார்த்தேன். மறுநாள் தொழிற்சாலையிலிருந்து மெகர் மீட்டர் இரவல் வாங்கி வந்து சோதிச்சேன். மோட்டார் காயிலுக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்க வேண்டிய மின்தடை ரொம்பக் கீழே போயிருந்தது. தண்ணி இறங்கியிருக்கு. தினமும் தரையைக் குழாய் வச்சு அடிச்சுக் கழுவுறோம், அந்த ஈரம் 27 வருஷமா அந்த மோட்டாருக்கு அடியிலதான். ஆர்சிசிபி மட்டும் விழலைன்னா கரண்டு யார் கையிலாவது பாய்ஞ்சிருக்கும்.

இந்த மிஷினை நான் பலமுறை பிரிச்சு மாட்டியிருக்கேன். 2006-ல் பெல்ட் மாத்தினேன். 2014-ல் காயில் கட்டினோம், அப்ப கெப்பாசிட்டரை சிம் லிம் டவர்லயும் பேரிங்கை ஜாலான் புசார் பக்கமும் நானே அலைஞ்சு வாங்கினேன். 2020-ல் ஏப்ரல் 7-லிருந்து ஜூன் 1 வரைக்கும் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் இருந்த சமயத்துல மிஷின் சும்மா கிடந்து துருப்பிடிச்சது. அதையும் நான்தான் சரி பண்ணினேன். "அண்ணன் இருக்கிற வரைக்கும் இந்த கிரைண்டருக்குச் சாவே இல்ல" என்று மடப்பள்ளியில சொல்வாங்க. கேக்க நல்லா இருக்கும். பத்தாம் வகுப்போட படிப்பை நிறுத்தினவன் நான். கையால ஒரு வேலை செஞ்சு நாலு பேர் பாராட்டினா அதுதான் எனக்குப் பட்டம்.

நிர்வாகக் குழு கூட்டத்துல பொருளாளர் சொன்னார், ஒரு பக்தர் புது கிரைண்டர் உபயமாத் தர தயாரா இருக்கார், நவராத்திரிக்கு முன்னால இறக்கிடலாம்னு. நான் எழுந்து பேசினேன். காயில் கட்ட 220 வெள்ளி, பேரிங், பெல்ட், கெப்பாசிட்டர் எல்லாம் சேர்த்து 350-ஐத் தாண்டாது. புதுசு வாங்கினா கப்பல் செலவோட 2,600 வெள்ளி. எங்க தொழிற்சாலையில, புதுசோட விலையில பாதிக்குக் கீழே ரிப்பேர் செலவு இருந்தா ரிப்பேர்தான். உபயம் கொடுக்கிறவர் வேற ஏதாவது நல்ல காரியத்துக்குக் கொடுக்கட்டும். எல்லாரும் தலையாட்டினாங்க. ரிப்பேர்னு முடிவாச்சு.

அடுத்த சனிக்கிழமை மோட்டாரைக் கழற்றப் போனேன். குனிஞ்சு பார்த்தா டிரம்முக்கு அடியில ஒரு மரக்கட்டை. தேங்காய் உடைக்கிற இடத்துல கிடக்குமே, அந்த மாதிரி. இது என்னத்துக்குன்னு இழுக்கப் போனேன். மடப்பள்ளி அக்கா ஓடி வந்தாங்க. "தம்பி, எடுக்காதீங்க! கவுந்துடும்!"

சாய்க்கிற கைப்பிடியில ஒரு பூட்டு இருக்கும். டிரம்மை நிமிர்த்தினதும் ஊசி போய் ஓட்டையில உட்காரணும். அந்த ஓட்டை தேய்ஞ்சு முட்டை மாதிரி நீண்டுபோச்சு. ஊசி நிக்கிறதே இல்ல. ரெண்டு வருஷமா கட்டையை முட்டுக் கொடுத்துத்தான் ஓட்டியிருக்காங்க. மாவு எடுக்கும்போது ரெண்டு பேர் டிரம்மைப் பிடிச்சுக்கணும், மூணாவது ஆள் வழிச்சு எடுக்கணும். உள்ளே கல்லும் மாவுமா என்ன கனம்னு யோசிச்சுப் பாருங்க. இந்தத் தைப்பூசத்தப்ப அது பிடி நழுவி இறங்கி, உதவிக்கு வந்த பாலிடெக்னிக் படிக்கிற பொண்ணோட விரல் நசுங்கியிருக்கு. எலும்புக்கு ஒண்ணும் ஆகல, அம்மன் காப்பாத்தினா. மஞ்சள் வச்சுத் துணியைச் சுத்திக்கிட்டுப் பரிமாறியிருக்கு அந்தப் பிள்ளை.

"ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அக்கா கோபமே இல்லாமத்தான் சொன்னாங்க. "நீங்க வருவீங்க, மோட்டார் சத்தத்தைக் கேட்பீங்க, நல்லா இருக்குன்னுட்டுப் போயிடுவீங்க. நாங்க எப்படித் தூக்குறோம்னு ஒரு நாளாவது நின்னு பார்த்தீங்களா தம்பி?"

பார்த்ததில்ல. அதான் உண்மை.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் எழுதிடுறேன். பெல்ட் மேல ஒரு தகரக் கவர் இருக்கணும். இல்ல. அது அரிசி மூட்டைக்குப் பின்னால தூசி படிஞ்சு கிடந்தது. அதைக் கழற்றினது நான்தான். 2014-ல் காயில் கட்டும்போது போல்ட் துருப்பிடிச்சு உடைஞ்சது. அடுத்த வாரம் மாட்டலாம்னு ஓரமா வச்சேன். பதினோரு வருஷம் ஆச்சு. சேலை முந்தானையோட, துப்பட்டாவோட பெண்கள் வேலை செய்யுற இடம் அது. தொழிற்சாலையில தினமும் காலையில இருபது பேரை நிக்க வச்சுப் பாதுகாப்பைப் பத்திப் பேசுறவன் நான். கவர் இல்லாத மிஷினைப் பார்த்தா அந்த நிமிஷமே நிறுத்தச் சொல்வேன். கோயில்னு வந்தா மட்டும் சாமி பார்த்துக்கும்னு விட்டுட்டேன் போல.

அப்புறம்தான் மிஷினை முழுசாச் சாய்ச்சுப் போட்டுப் பார்த்தேன். பெயின்ட் வெளியே பளபளன்னு இருக்கு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அடிக்கிறோமே. காலுக்கு உள்பக்கம் ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினேன். உள்ளே போயிடுச்சு. இரும்பு அப்பளமாயிருந்தது. படம் எடுத்து எங்க வெல்டர்கிட்ட காட்டினேன், ராமநாதபுரத்துக்காரர், கைராசிக்காரர். "அண்ணே, மோட்டார் போனா கட்டிக்கலாம். இது சட்டமே தண்ணி குடிச்ச இரும்பு. இதுல பத்த வைக்க இடமே இல்ல. புதுச் சட்டம்தான் செய்யணும்" என்றார். புதுச் சட்டம், பூட்டு, கவர், அச்சு எல்லாம் செய்ய அவர் சொன்ன கணக்கு 900 வெள்ளி. என் 350-ஐச் சேர்த்தா 1,250. பாதிக்கு ஒரு நூல் கீழே. என் கணக்குப்படி பார்த்தா இப்பவும் ரிப்பேர்தான்! ஆனா அந்தக் கணக்குல அந்தப் பொண்ணோட விரலுக்கு நான் என்ன விலை போட்டிருந்தேன்? கைவேலையாச் செஞ்ச சட்டத்துல, நாளைக்கு டிரம் கவுந்தா யார் பொறுப்பு?

மறுபடியும் குழு முன்னால போய், போன தடவை நான் சொன்னது தப்பு, புதுசே வாங்கிடலாம்னு சொன்னேன். ஒருத்தர் சிரிச்சார். சிரிக்கட்டும்.

பழசை ரிப்பேர் பண்ணி ஓரமா வச்சுக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டார். நம்ம மடப்பள்ளியில ஓரம் எங்க இருக்கு? அதோட, வச்சிருந்தா கூட்டம் சேருற நாள்ல அதையும் ஓட்டத்தான் செய்வோம். வேண்டாம்னேன்.

கஷ்டமான வேலை அதுக்கப்புறம்தான். பாட்டி காலமாகிப் பல வருஷம் ஆச்சு. மகன் அங் மோ கியோவுல இருக்கார், டாக்சி ஓட்டுறார், என்னை விட மூத்தவர். பொருளாளரும் நானும் பழம் வாங்கிக்கிட்டுப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார், "அப்பாவுக்குச் சமாதி கிடையாது, அஸ்தியைக் கடல்ல கரைச்சாச்சு. அவர் பேரு வெளியில எழுதியிருக்கிற இடம் உலகத்துல அது ஒண்ணுதான்." எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. பொருளாளர் என்னைப் பார்க்கிறார், நான் பழத்தட்டைப் பார்க்கிறேன். கடைசியில, "பேரு இருக்கிற துண்டை மட்டும் வெட்டி எடுத்துக் கோயிலுக்குள்ளயே வைக்கிறோம்ண்ணே" என்றேன். குழுவைக் கேக்காமலே சொல்லிட்டேன். அவர் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல.

குழுவுல அதுக்கு ஒரு சின்னத் தகராறு நடந்தது. சுவத்துல பேர்ப் பலகை வைக்க விதிமுறை இருக்கு, ஒருத்தருக்கு வச்சா எல்லாரும் கேப்பாங்கன்னு. அவங்க சொன்னதும் சரிதான். கடைசியில மடப்பள்ளி கதவுக்கு உள்பக்கம், சமைக்கிறவங்க கண்ணுல மட்டும் படுற மாதிரி வைக்க ஒத்துக்கிட்டாங்க. டிரம்முல அந்த இடத்தை நானே வெட்டி, ஓரத்தைத் தேய்ச்சு, நாலு ஸ்க்ரூ போட்டேன்.

புது மிஷின் நவராத்திரி தொடங்குறதுக்கு முன்னால வந்து சேர்ந்தது. தேக்காவுல ஒரு பாத்திரக் கடை மூலமா, அதே கோயம்புத்தூர்தான். உரிமம் உள்ள மின்பணியாளரை வச்சுத் தனி சுவிட்ச் போட்டாச்சு, கைக்கு எட்டுற இடத்துல சிவப்பு நிறுத்து பொத்தான் இருக்கு. அக்டோபர் 1, ஆயுத பூஜை அன்னைக்கு அக்கா புது மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வச்சாங்க, கதவுல இருந்த தகட்டுக்கும் ஒரு பொட்டு வச்சாங்க. பாட்டி மகன் டாக்சியை நிறுத்திட்டு வந்தார். கதவைத் திறந்து பார்த்தார். சாப்பிட்டார், இலையை எடுத்தார், போயிட்டார்.

பழைய சட்டத்தைக் காருங்குனிக்குப் போட்டாச்சு. குழவிக்கல்லும் அடிக்கல்லும் மட்டும் பின்கட்டுல கிடக்கு. அதை எடைக்குப் போட அக்காவுக்கு மனசு வரல. என்ன செய்யலாம்னு யாருக்காவது யோசனை இருந்தா சொல்லுங்க.

தீபாவளி காலை இட்லிக்கு 19-ஆம் தேதி ஞாயிறு அதிகாலை 4 மணிக்கு மாவு அரைக்கிறோம். தொண்டூழியர் ஆறு பேர் தேவை. தலைமுடியைக் கட்டிக்கிட்டு வாங்க, துப்பட்டாவை இடுப்புல சொருகிக்குங்க. பெல்ட் கவரை யாரும் கழற்ற வேண்டாம், நான் உட்பட. பூட்டோ, பிடியோ, சத்தமோ, எது சரியில்லைன்னாலும் அன்னைக்கே என்கிட்ட சொல்லுங்க. நானும் இனிமே மாவு எடுக்கிற நேரத்துக்குத்தான் வரப்போறேன்.