துண்டில்லாக் குடிகள்

எமது வீட்டிலே இப்பொழுது ஏழு பூனைகள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றையேனும் நாம் தேடிக் கொணர்ந்ததில்லை. அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் எம்மிடம் பூனைக்குட்டிகளைச் சேர்ப்பித்துவிடுவது மாணவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. தென்மேற்குப் பருவமழை ஓயாது கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில், நனைந்த கம்பளிச் சட்டைக்குள் எதையோ ஒளித்தவாறு ஒரு சிறுவன் வகுப்பறை வாசலில் வந்து நிற்பான். "டீச்சர், அப்பா ஆத்துல விட்டுட்டு வரச் சொன்னாரு" என்பான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

ஆற்றில் விடச் சொன்ன அத்தகப்பனைக் கொடியவனென்று எழுதிவிடுதல் எளிது. ஆனால் அவனுடைய வீட்டை நாமறிவோம். வெள்ளைத் துரைமார் காலத்துக் கட்டிய லயத்தில் 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பரா, முன்னே ஒரு சிறு திண்ணை, மேலே தகரம். சமைப்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதும் நோயிற் கிடப்பதும் அதற்குள்ளேதான். பூனையோ ஏறத்தாழ ஒன்பது வாரத்திற் குட்டி போடுவது. ஓராண்டில் இருமுறை, சிலவேளை மும்முறை. ஒவ்வொரு முறையும் நான்கு, ஐந்து. அவற்றை அவன் எங்கே வைப்பான்? ஆயினும் பூனையின்றி லயத்திற் சீவிக்கவும் இயலாது. தகரத்திற்கும் சுவருக்கும் இடையே ஓடும் எலிகள் கோதுமை மாவையும் அரிசியையும் விட்டுவைப்பதில்லை; எலிக்காய்ச்சலின் கொடுமையும் அங்கு எல்லோரும் அறிந்ததே. ஆகவே ஒவ்வொரு லயத்திலும் பூனைகள் உண்டு. யாருடையவை என்று வினவினால் மட்டும் ஒருவரும் வாய் திறவார். கருவாட்டுத் தலை எந்தக் காம்பராவில் விழுகின்றதோ அன்றைக்கு அந்தக் காம்பராவின் பூனை.

ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளிக்கு அந்த உரிமைதானும் இருக்கவில்லை. இன்ன கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' கையிலில்லாமல் அவன் வேறு தோட்டத்திற் பேர் பதிய முடியாது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பூனை அதற்கு நெடுங்காலம் முன்னரே துண்டில்லாமல் லயம் மாறிக்கொண்டிருந்தது!

எமது அம்மாயி சொன்ன கதையொன்று உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத்தவரை நாடற்றவராக்கியதும், 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டதும், எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டதும் வாசகர் அறிந்தவை. அவ்வொப்பந்தப்படி, அம்மாயியின் அடுத்த காம்பராக் குடும்பம் 1971இற் புறப்பட்டது. தலைமன்னாரை நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அவர்களுடைய சாம்பல் நிறப் பெண்பூனை பூட்டிய கதவின் முன் மூன்று நாட்கள் இருந்ததாம். நான்காம் நாள் அம்மாயியின் அடுப்படிக்கு வந்தது. "ஆளுகளத்தான் கணக்கெடுத்தானுக, இத எந்தக் கணக்குலயும் சேக்கல" என்பார் அவர்.

அக்கதையின் பிற்பகுதியைச் சொல்லும்பொழுது அவர் குரல் தாழ்ந்துவிடும். 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களைப் பஞ்சம் வாட்டிற்று. பட்டினியால் மாண்டோர் உண்டு. பிள்ளைகளுக்கே ரொட்டி இல்லாத இரவொன்றில் அந்தப் பூனை வந்து கத்தியிருக்கின்றது. "கதவச் சாத்திட்டேன் புள்ள. அப்புறம் அது வரவே இல்ல." அதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். அக்கதவை அவர் திறந்திருக்க வேண்டுமென்று சொல்ல எமக்கு நாவெழவில்லை. அவர் மறந்திருக்கலாமே என்று சொல்லவும் இயலவில்லை.

எமக்கும் அத்தகைய ஒரு நாள் வந்தது. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பொதியின் விலை 790 ரூபாயாயிற்று. கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாட்கூலி அப்போது 1,000 ரூபாய். பல தோட்டங்களிற் குறித்த கிலோ குறைந்தால் அதுவும் முழுமையாகக் கிடையாது. காலையிற் கூட்டத்தில் நிற்கும்போது பிள்ளைகள் மயங்கி விழுந்த மாதங்கள் அவை. ஒரு மாலை, எட்டாம் வகுப்பு மாணவியொருத்தி அப்பியாசக் கொப்பியொன்றை வாங்கிச் செல்ல எமது வீட்டுக்கு வந்தாள். தாயற்ற இரு குட்டிகளுக்குச் சாசரிலே பால் கரைத்து வைத்திருந்தோம். அவள் அதனைச் சற்றுநேரம் பார்த்தாள். "எங்க தம்பிக்குச் சாயத்தண்ணிதான் டீச்சர்" என்றாள். குற்றஞ்சாட்டும் குரலன்று அது. குட்டிகளைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

அவ்விரவு எமக்கு உறக்கமில்லை. மறுநாள் மிருக வைத்தியர் ஒருவரிடம் பேசியபோது மற்றொரு செய்தியும் தெரியவந்தது: பசும்பால் பூனைக்கு உகந்த உணவே அன்று, பல பூனைகளுக்கு அது சமிக்காது, வயிற்றோட்டத்தையே தரும். அந்தச் சாசர்ப் பால் ஒருவருக்கும் உதவவில்லையென்று ஆயிற்று. மீதிப் பொதியை அச்சிறுமியின் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். மறுநாளே அவளுடைய தாய் ஒரு பை நிறையப் போஞ்சி அனுப்பிவிட்டார். தானம் வாங்கும் வீடன்று அது என்பதை நாம் உணர வேண்டியிருந்தது.

"மனிதனுக்கே வழியில்லாத நாட்டிற் பூனைக்கு என்ன விசாரம்?" என்று ஆசிரியர் அறையில் நண்பரொருவர் கேட்பதுண்டு. அவர் கேள்வியிற் பாதி நியாயம் இருக்கின்றது. சாசரைப் பார்த்த அன்றே அதனை ஏற்றுக்கொண்டோம். மற்றைப் பாதியை ஏற்க இயலவில்லை. வேண்டாதவற்றை ஒழித்துவிடுதல் என்பது ஆட்சியாளர்க்குப் பழகிய முறை. 1893இல் விசர்நோயைத் தடுக்கவென வெள்ளையராட்சி இயற்றிய சட்டம் தெருநாய்களைக் கொல்ல வழிசெய்தது. கொல்லுதலை விட்டுக் கருத்தடையும் தடுப்பூசியுமே வழியென்று 2006இல் அரசு தீர்மானிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நாய்க்கு வந்த அந்த ஞானம் லயத்துப் பூனையை இன்னும் எட்டவில்லை. ஆறுதான் அதற்குக் கருத்தடை.

ஆகவே இப்பொழுது குட்டியை வாங்கிக்கொள்ளும்போது தாய்ப்பூனை எந்தக் காம்பராவில் உலவுகின்றது என்று முதலிற் கேட்கின்றோம். அதனைப் பிடித்துப் பட்டணத்து வைத்தியரிடம் கொண்டுசெல்வது எமது பொறுப்பு. இரண்டாண்டில் பதினொரு பெண்பூனைகளைக் கொண்டுசென்றோம். சம்பளத்தில் அது ஒரு சுமையே, மறைப்பானேன்? முதலிற் சிரித்த தகப்பன்மாரே பின்னர் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் பிடித்துத் தந்தனர். கையிற் கீறல் வாங்கியோரைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் செய்து, அரசாங்க ஆசுபத்திரிக்கு இழுத்துச் சென்று ஊசி போடுவிப்பதுதான் பெரும்பாடு. "பூனதானே டீச்சர்" என்பார்கள். பூனையாலும் விசர்நோய் வரும் என்பதைப் பாடத்தினும் அதிகமாக நாம் ஓதவேண்டியிருக்கின்றது.

அந்தச் சிறுமி இவ்வாண்டு சாதாரணதரப் பரீட்சை எழுதவிருக்கின்றாள். நேற்று மாலை மழை வலுத்தது. கதவைச் சாத்துமுன் எண்ணிப் பார்த்தோம், ஆறுதான் இருந்தன. குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கிச் சென்றோம். ஏழாவது, அவளுடைய தம்பியின் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. "இருக்கட்டும் டீச்சர், வெடிஞ்சதும் அதுவே வந்துரும்" என்றாள் தாய். ஒரு கோப்பைச் சாயத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினோம்.