வீடு வாடகைக்கு விடும் நம்ம ஆளுங்களுக்கு



கோயில் சேவையில் நிற்கும் எங்ககிட்ட பூஜை நேரத்துக்கு அடுத்தபடியா அதிகம் கேட்கிற கேள்வி, "அண்ணே, எங்கேயாவது வீடு வாடகைக்குக் கிடைக்குமா?" போன்ல பேரைச் சொன்னதுமே "வீடு போயிடுச்சு"ன்னு பதில் வருதாம். இந்தியர் வேண்டாம்னு விளம்பரத்திலேயே போடுறதும் நாம பார்த்ததுதான்.

சுங்கை பினாங்ல எங்களுக்கு ஒரு சின்ன தரைவீடு இருக்கு. பல வருஷமா வாடகைக்கு விடுறோம். அதனால வீட்டுக்காரங்க கஷ்டமும் தெரியும்.

2017 நவம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள்ள முழங்காலுக்கு மேல தண்ணி. நஷ்டம் யாருதுன்னு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. உட்கார்ந்து பேசினோம். சுவர், வயரிங் எங்க பொறுப்பு. மெத்தை, ஐஸ்பெட்டி அவங்க பொறுப்பு. அந்த மாசம் பாதி வாடகை. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்போ குடியிருந்தவருக்கு வேலையே இல்லை. முதல் வாரமே வந்து சொல்லிட்டார். மூணு மாசம் பாதிப் பாதியா வாங்கினோம். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா, ஒரு காசு குறையாமக் கட்டி முடிச்சார்.

அடுத்து வந்தவர் வேற மாதிரி. நாலு மாசம் வாடகை இல்லை, போனும் எடுக்கலை. "பூட்டை மாத்து, கரண்டை வெட்டு"ன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. அது தப்பு. 1950-ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டப்படி, கோர்ட் உத்தரவு இல்லாம குடியிருப்பவரை நாமளே வெளியேத்த முடியாது. வாடகை பாக்கிக்கு 1951-ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டம் இருக்கு. 12 மாச பாக்கி வரைக்கும் கோர்ட் மூலமா பொருளை ஜப்தி பண்ணலாம். வக்கீல் கடிதம் போனதும் அவர் சாவியைத் தபால் பெட்டியில் போட்டுட்டுப் போயிட்டார். ரெண்டு மாச முன்பணம் போக மிச்சம் எங்க தலையில். வயித்தெரிச்சல்தான்.

அப்போ நிறைய பேர் சொன்னது: "இனிமே நம்ம ஆளுங்களுக்கு விடாதீங்க."

எங்களால அதை ஏத்துக்க முடியலை. பாதி வாடகையை மிச்சமில்லாமக் கட்டினவரும் நம்ம ஆள்தானே? நாமளும் கதவைச் சாத்தினா அவங்க எங்கே போவாங்க? ஜார்ஜ்டவுன்ல ஒரு தடவை பார்த்தாச்சு. 1948-க்கு முன்னாடி கட்டின வீடுகளுக்கு 1966 சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தி வச்சிருந்தது. வருமானம் இல்லாததால பல வீட்டுக்காரங்க கூரையைக்கூடப் பார்க்கலை. 2000 ஜனவரியில் கட்டுப்பாடு போனதும் வாடகை ஏறி, எத்தனையோ குடும்பம் டவுனை விட்டே போச்சு. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தா ரெண்டு பக்கமும் நஷ்டம்.

அதனால நாங்க இப்போ செய்றது: பேரைக் கேட்கிறதில்லை, வேலையையும் சம்பளச் சீட்டையும் கேட்கிறோம். ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள்ள முத்திரை வரி கட்டுறோம். முத்திரை இல்லாத தாள் கோர்ட்ல எடுபடாது. சாவி கொடுக்கும் முன்னாடி அறைக்கு அறை படம் எடுக்கிறோம். கரண்டு கணக்கைக் குடியிருப்பவர் பேருக்கு மாத்துறோம். வெள்ளம் வந்தா யாருக்கு எதுன்னு முதல்லேயே எழுதிடுறோம்.

வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு ஒரே வேண்டுகோள்: இந்த மாசம் முடியலைன்னா முன்கூட்டியே வாயைத் திறந்து சொல்லுங்க. நீங்க ஒழுங்காக் கட்டுற வாடகைதான் அடுத்து வரும் நம்ம பிள்ளைக்குக் கதவைத் திறக்கும்.

சுங்கை பினாங் பக்கம் வீடு காலியா இருந்தா கோயில்ல எங்ககிட்ட சொல்லுங்க. தேடுறவங்க நிறைய பேர் இருக்காங்க.

ஓம் சக்தி. 🙏