சிறுபொருளில் ஒரு நெடுவழி

யாத்திரை செய்து மீண்டவர் எழுதிய நூல்கள் நம் மொழியில் பலவுள. யாத்திரைக்குப் புறப்படுமுன் எழுதப்பட்டவை மிகச் சிலவே. புறப்படுமுன் ஒருவன் கொள்ளும் ஆசையும் அச்சமும், அவன் மடியிலுள்ள காசை எண்ணி எண்ணிப் போடும் கணக்கும், ஊர் போய்ச் சேர்ந்த மாத்திரத்தில் மறந்து போகின்றன. அவை மறையுமுன் எழுதி வைத்தல் நன்றென்று கருதி, இன்னும் ஓரடியும் எடுத்து வையாத யான் இதனை எழுதத் துணிந்தேன்.

விடுதியில் யானும் என் நண்பர் ஒருவரும் ஓரறையில் வசிக்கின்றோம். சென்ற ஆண்டு ஸ்பெயின் நாட்டிலுள்ள சாந்தியாகோ வழியைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. பிரான்சு நாட்டின் எல்லையிலிருந்து வடஸ்பெயினைக் குறுக்கே கடந்து, ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடந்து, சாந்தியாகோ நகரிலுள்ள யாக்கோபு அப்போஸ்தலரின் ஆலயத்தை அடைவது அவ்வழி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் அவ்வழியே நடந்து வருகின்றனர். 2024ஆம் ஆண்டில் மாத்திரம் அந்நகரை அடைந்து தம் பெயரைப் பதிவு செய்துகொண்டோர் ஐந்து இலட்சத்தை நெருங்கினர். தோளில் ஒரு பை, கையில் ஒரு பயணச் சீட்டு. இரவில் தங்கும் விடுதிதோறும் அச்சீட்டில் முத்திரையிட்டுக் கொடுக்கின்றனர். இறுதி 100 கிலோமீட்டரையேனும் நடந்து வந்தவருக்குச் சான்றிதழ் உண்டு. விடுதிகள் எளியன, கட்டணமும் சிறிது, செல்வரும் வறியரும் அடுத்தடுத்த கட்டில்களில் உறங்கி, ஒரே மேசையில் உண்பர் என்று கண்டபொழுது எம்மிருவர்க்கும் அவா மிகுந்தது.

உடனே அம்மொழியைக் கற்கத் தொடங்கினோம். நாம் மேசை என்று வழங்கும் சொல் போர்த்துக்கேசியர் வாயிலாக நம்மிடம் வந்ததாகும். ஸ்பானியரும் அப்பொருளை 'மேசா' என்றே வழங்குவர் என்று அறிந்து மகிழ்ந்தோம். நம் ஞகரத்தைப் போன்றதோர் ஒலி அவர்கள் மொழியிலும் உண்டென்று நண்பர் கண்டுபிடித்தார். வழி என்பதற்கு அவர்கள் சொல் 'கமீனோ'. பத்து நாட்களில் வணக்கமும் நன்றியும் கூறக் கற்றுக்கொண்டோம்.

பின்னர்க் கணக்குப் போட்டோம். அங்கே நடப்பதற்கு ஆகும் செலவு பெரிதன்று. அங்கே நுழைவதற்கு ஆகும் செலவே பெரிது. விமானக் கட்டணம் ஒருபுறம் இருக்க, நுழைவு அனுமதிக்கு 90 யூரோ கட்டணம். 30,000 யூரோ வரையில் மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதிப் பத்திரம். தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 யூரோவுக்கு மேற்பட்ட தொகை கையிலுண்டு என்பதற்குச் சான்று. நாளொன்றுக்கு முப்பது நாற்பது யூரோவில் உண்டு உறங்கி நடக்கக்கூடிய வழியில், அதனினும் பன்மடங்கு பொருள் படைத்தவன் என்று காட்டினாலன்றிக் கதவு திறவாது. வழி மலிவு, வாயில் விலை மிகுதி. இதனை உணர்ந்து சில நாள் சோர்ந்திருந்தோம்.

விடுமுறையில் ஊர் சென்றபொழுது என் தந்தையாரிடம் இதைக் கூறினேன். அவர் உழவர். எதனையும் நெல்லாக மாற்றியே எண்ணுவார். யான் கூறிய தொகையை நெடுநேரம் மனத்தில் வைத்து எண்ணிவிட்டு, "அத்தனை நெல் நம் நிலத்தில் மூன்று ஆண்டிலும் விளையாது, தம்பி," என்றார். சற்றுப் பொறுத்து, "நம் வயலுக்குத் தண்ணீர் எங்கே பிரிகிறது, எங்கே போய்க் கடலில் விழுகிறது என்று நீ நடந்து பார்த்ததுண்டா?" என்று வினவினார். கல்லணையைப் பள்ளிப் பருவத்தில் பேருந்தின் சாளரம் வழியே கண்டதுதான். பூம்புகாரை யான் கண்டதேயில்லை. அவ்வினாவினின்றே எங்கள் திட்டம் பிறந்தது.

கல்லணையினின்று காவிரியின் கரையை ஒட்டித் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், குத்தாலம், மயிலாடுதுறை ஆகிய ஊர்களின் வழியே பூம்புகார் வரையில் நடப்பதென்று முடிவு செய்தோம். சாலைக் கணக்கில் 130 கிலோமீட்டருக்குச் சற்று ஏறக்குறைய ஆகும். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் வீதம் ஏழு நாள். கால் நோவுக்கும் மழைக்குமாக ஒரு நாள். ஆக எட்டு நாள்.

காலம் எது என்பது அடுத்த வினா. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, கரைவழி சேறாகும். சித்திரை வைகாசியில் வெயில் கொல்லும். தை மாதத்தில் திருவையாற்றில் தியாகராசர் ஆராதனை நிகழுமாயின் அங்கே தலை சாய்க்கவும் இடங் கிடையாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டு ஜனவரி 28ஆம் நாள் அடைக்கப்படுவது. அதன் பின்னர் ஆற்றில் நீர் அருகும், கரை உலர்ந்திருக்கும், சம்பா அறுவடையும் முடிவுறும். ஆகவே மாசி மாதமே தக்கது எனக் கண்டோம். ஆயினும் தந்தையார் ஒரு நிபந்தனை விதித்தார். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்து, ஈரம் நூற்றுக்கு 17 பங்குக்கு மேற்படாது உலர்த்தி, முறை வரும் வரையில் இரவு பகலாகக் காவல் இருத்தல் வேண்டும். குவியல் விலைபோன பின்னரே யான் புறப்படலாம். கல்லூரி வருகைக் கணக்கையும் பார்த்தோம். ஒரு சனிக்கிழமை புறப்பட்டு மறு சனிக்கிழமை மீண்டால் ஐந்து வேலை நாட்களே கழியும். அதனை எங்கள் கணக்குத் தாங்கும்.

இத்தகைய திட்டங்களுக்கு வழிகாட்டும் நூல் தமிழில் உண்டா என்று தேடினால், நம் முன்னோர் ஓர் இலக்கிய வகையையே அதற்கென வகுத்துள்ளமை புலனாகும். ஆற்றுப்படை என்பது யாது? பரிசில் பெற்று மீளும் வறியோன் ஒருவன், எதிர்ப்படும் மற்றொரு வறியோனுக்கு வழியும் ஊரும் உணவும் உரைத்துச் செலுத்துவது. பத்துப்பாட்டுள் ஐந்து அவ்வகையின. பொருநராற்றுப்படை கரிகாலனிடமே, அஃதாவது இக்காவிரி நாட்டுக்கே, ஆற்றுப்படுத்துகின்றது. கையிற் பொருளின்றி நடப்பவனுக்கு, முன் நடந்தவன் கூற்றே முதல் என்பதை அந்நூல்கள் நன்கு உணர்த்துகின்றன.

சிலப்பதிகாரமோ வேறொரு பாடம் புகட்டுகின்றது. புகாரை விட்டு நீங்கிய கண்ணகி, சிறிது தொலைவு நடந்ததுமே மதுரை எங்குளது என்று வினவ, கோவலன் முப்பது காதத்தை ஆறென்றும் ஐந்தென்றும் பிரித்துச் சிறிதாகத் தோன்றுமாறு கூறி நகைத்தான். அன்பினால் கூறியதே ஆயினும், உடன் வருபவருக்குத் தொலைவை மறைத்தல் முறையன்று. யாங்கள் அவ்விருவரும் நடந்த கரைவழியை எதிர்த்திசையில் நடக்கப் போகின்றோம். ஆதலின் எமக்குள் எதனையும் மறையாமல் பேசிக்கொள்வதென்று முதலிலேயே உறுதி செய்துகொண்டோம். அவ்வுறுதியே பின்னர் ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று.

எங்கள் முதல் 3,000 ரூபாய். யான் மாலை நேரத்தில் சிறுவர்க்குப் பாடம் சொல்லிச் சேர்த்தது 1,500. நண்பர் விடுமுறையில் சுவருக்கு வண்ணம் பூசிச் சேர்த்தது 1,500. என் பங்கு, தந்தையார் கணக்கில், 40 கிலோ கொண்ட ஒன்றரைச் சிப்பம் நெல்லின் விலை. நண்பரின் பங்கு, அவருடைய தாயார் ஐந்து நாள் நாற்று நட்டுப் பெறும் கூலி. இருவர்க்கும் உணவுக்கு நாளொன்றுக்கு 250 ஆக எட்டு நாளுக்கு 2,000, பேருந்துக்கும் மயிலாடுதுறையிலிருந்து மீளும் இரயிலுக்கும் 150, மருந்துக்கு 150. எஞ்சியது 700. இதில் தங்குமிடச் செலவே இல்லாதிருந்தால் அன்றோ நலம்?

பழங்காலத்தில் தஞ்சை நாட்டு வழிப்போக்கனுக்கு இக்கவலை இல்லை. மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்தனர். இரண்டாம் சரபோசி மன்னர் 1802இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. இச்சத்திரங்களைக் காக்கவேண்டி அம்மன்னர் 1801இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு வரைந்த கடிதத்தில், அந்தணர் முதல் பறையர் ஈறாக வழிப்போக்கர் எவரையும் விலக்காது சோறிடுவதாகக் குறிப்பிட்டார். இன்று வழிப்போக்கனுக்கு அச்சத்திரங்கள் அவ்வாறு உதவுவதில்லை. அவற்றினிடத்தில் நமக்கு உறவினர் உளர். தஞ்சை நாட்டிற் பிறந்தவனுக்குப் பத்து மைலுக்கொரு சித்தப்பாவும் அத்தையும் இல்லாமற் போவதில்லை. எங்கள் வழியில் என் உறவினர் வீடுகள் மூன்று இருந்தன.

இவ்விடத்தில் நண்பர் தயங்கினார். "உங்கள் உறவினர் வீட்டுக்கு நீங்கள் போங்கள், யான் அவ்விரவுகளில் பேருந்து நிலையத்தில் படுத்துக்கொள்கிறேன்," என்றார். அவர் பிறந்த தெரு ஊருக்கு வெளியே உள்ளது. என் உறவினர் பிறந்த தெரு ஊருக்கு நடுவே உள்ளது. ஓரறையில் மூன்றாண்டு வசித்தும் யாங்கள் வாய்விட்டுப் பேசாத செய்தி அது. மறைப்பதில்லை என்ற உறுதி நினைவுக்கு வரவே, பேசினோம். ஒரே இலை, ஒரே திண்ணை, ஒரே சொம்பு. இம்மூன்றும் இல்லாத வீட்டில் இருவரும் தங்குவதில்லை என்று முடிவு செய்தோம். நேரிற் சென்று நண்பர் முகம் வாட நிற்பதினும், முன்னரே கேட்டு அறிதல் நன்றென்று மூவர்க்கும் தொலைபேசியில் உண்மையைக் கூறினேன்.

சித்தப்பா, "உன்னோடு வருபவர் உன்னைப் போல, இதைக் கேட்கவும் வேண்டுமா?" என்றார். அத்தை, "இரண்டு இலை போட எனக்குக் கை நோகாது, மீன் தின்பாரா என்று மட்டும் கேட்டுச் சொல்," என்றார். மூன்றாமவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "நீ நம் வீட்டில் தங்கு, அவருக்கு வேறோர் ஏற்பாடு செய்யலாம்," என்றார். குரலில் கடுமை சிறிதும் இல்லை. வழக்கம் போன்ற அன்பே இருந்தது. அதுவே எனக்கு மிக்க வருத்தம் தந்தது. அவருக்கு நன்றி கூறி, அவ்வூரின் பெயரைத் தங்குமிடப் பட்டியலினின்று அடித்துவிட்டேன். என் தாயார் இதனைக் கேட்டுக் கலங்கினார். உறவு முறியுமோ என்பது அவர் அச்சம். "அந்த வீட்டு வாயிலில் நின்று வணக்கம் சொல்லிவிட்டாவது போங்கள்," என்றார். "இருவருமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம், அம்மா," என்றேன். அவர் சற்று எண்ணிப் பார்த்து, "அதுவும் சரிதான்," என்றார்.

இவ்வாறு எஞ்சிய 700இல், கும்பகோணத்திலும் பிற இடங்களிலும் எளிய விடுதிகளில் தங்குவதற்கு 400 ஒதுக்கினோம். நண்பரின் பெரியம்மா ஒருவர் குத்தாலத்தருகே இருக்கின்றார். அவர் இல்லத்தில் ஓரிரவு தங்க வேண்டுமென்று யான் கேட்டுக்கொண்டேன். இடம் சிறிது என்று நண்பர் நாணினார். வானம் பெரிதென்று கூறினேன்.

பையில் கொண்டு செல்வன: இரு மாற்றுடை, ஒரு போர்வை, துண்டு, தண்ணீர்க் குப்பி, குளிர்ந்த காலைக்கு ஒரு கம்பளிச் சட்டை, தேய்ந்து பழகிய செருப்பு, கால் கொப்புளத்துக்குக் களிம்பு, குறிப்பேடு. மொத்த நிறை ஐந்து கிலோவுக்கு மேற்படலாகாது. அரிசி மூட்டையைச் சுமந்து பழகிய நண்பருக்கு இது விளையாட்டு; எனக்கோ இப்பொழுதே மாலைதோறும் ஐந்து கிலோ சுமந்து திடலைச் சுற்றி நடக்கும் பயிற்சி நடைபெறுகின்றது. விருந்தாக நுழையும் வீட்டிற்கு வெறுங்கையோடு செல்லலாகாது என்று தாயார் கட்டளையிட்டிருப்பதால், ஆங்காங்கே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கும் செலவு உணவுக் கணக்கில் அடங்கும்.

சாந்தியாகோவை யாங்கள் மறந்துவிடவில்லை. ஸ்பானியப் பாடம் நாளும் நடைபெறுகின்றது. ஆயினும் அயல்நாட்டு விடுதி ஒன்றில் எல்லாருடனும் ஒரே மேசையில் உண்பதைக் கனவு காணும் ஒருவன், தன் காவிரிக்கரையில் அவ்வாறு உண்ணக்கூடிய வீடுகள் எத்தனை என்று முதலில் எண்ணியறிதல் கடன் என்று எனக்குத் தோன்றுகின்றது. மாணவ நண்பர்காள்! நீங்களும் புறப்படுங்கள். புறப்படுமுன் யாரோடு செல்வது என்பதை முதலிலும், எங்கே தங்குவது என்பதைப் பின்னரும் முடிவு செய்யுங்கள். காசின் கணக்கு அவ்விரண்டையும் தொடர்ந்து வரும்.

எங்கள் கணக்கில் இன்னும் 300 ரூபாய் மீந்துள்ளது. அதனை எதற்கும் தொடுவதில்லை என்று ஒரு சிறு உறையிலிட்டு ஒட்டி வைத்திருக்கின்றோம். வழியில் ஏதேனுமொரு கதவு எங்களுள் ஒருவருக்கு மட்டும் திறக்குமாயின், அன்றிரவு அவ்வுறையைப் பிரிப்போம். பிரிக்காமலே பூம்புகார்க் கடலைக் காண நேர்ந்தால், அத்தொகைக்கு இருவரும் மீன் வாங்கி அத்தைக்கு அனுப்புவதாகத் தீர்மானம்.